பெயர் எழுதாத சீட்டு

அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் சபை ஒவ்வொரு மே மாதமும் சிறுவர் முகாம் நடத்துகிறது. புதன் காலை தொடங்கி சனி மதியம் முடியும். தொண்ணூறு பிள்ளைகள் வந்து தங்குவார்கள். பாதிப் பேர் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வரும் எங்கள் சபைப் பிள்ளைகள். மீதிப் பேர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அப்பாவும் அம்மாவும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட, விடுமுறை முழுவதும் பூட்டிய வீட்டுக்குள் செல்போனோடு கிடக்கிற பிள்ளைகள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தால்தான் சேர்ப்போம். யாரையும் எதற்கும் வற்புறுத்துவதில்லை. முதல் நாள் போன்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவோம். இரண்டாம் நாள் காலை வரை முனகல் இருக்கும். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

பதினொரு வருடமாக அங்கே எனக்கு இரண்டு வேலைகள். காலை ஆறு மணி அமைதி நேரத்தைக் கவனிப்பது முதல் வேலை. அரை மணி நேரம் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக ஒரு மரத்தடியிலோ படிக்கட்டிலோ உட்கார வேண்டும். வேதாகமம் வாசிக்கலாம். வாசிக்காமல் சும்மாவும் இருக்கலாம். பேசக் கூடாது, அவ்வளவுதான். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடுவே நடந்துகொண்டிருப்பேன். பிள்ளைகள் எனக்கு ‘சைலன்ஸ் அங்கிள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் லேத் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருபவனுக்குப் பேச்சு ஒரு கூடுதல் சத்தம். வீட்டில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை அப்படியே இருப்பேன். என் மனைவி வயலட் அதற்குப் பழகியிருந்தாள்.

இன்னொரு வேலை ஜெபச் சீட்டுகள். முதல் நாள் மாலை பிள்ளைகள் தங்கள் மனதில் இருப்பதை ஒரு சீட்டில் எழுதி, மூடியில் துளை போட்ட பிஸ்கட் டின்னில் போடுவார்கள். பெயர் எழுதக் கூடாது. மறுநாள் மதியம், பிள்ளைகள் படுத்திருக்கும் நேரத்தில், நான் டின்னைத் திறந்து சீட்டுகளை ஆறு பங்காகப் பிரித்து, என்னையும் சேர்த்து ஜெபக் குழுவில் உள்ள ஆறு பேருக்குக் கொடுப்பேன். ஒவ்வொருவரும் தன் பங்குக்காக அடுத்த முகாம் வரை தினமும் ஜெபிக்க வேண்டும்.

முன்பெல்லாம் இதில் ஒழுங்கு எதுவும் இருந்ததில்லை. ஒரு வருடம் குழுவில் இருந்த ஒரு அம்மா, நல்லெண்ணத்தில்தான், ஒரு சீட்டைக் கொண்டுபோய் ஞாயிறு ஆராதனையில் வாசித்துவிட்டார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சபையில் எல்லோருக்கும் யார் வீடு என்று தெரிந்துவிட்டது. சீட்டை எழுதிய பெண் அதற்குப் பிறகு எந்தத் தேவாலயத்துக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்போதுதான் நான் உட்கார்ந்து விதிகளை எழுதினேன். சீட்டைப் பற்றி ஜெப அறைக்கு வெளியே வாய் திறக்கக் கூடாது. எழுதியது யார் என்று தெரிந்துவிட்டால், அதை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் காரணம் சொல்லாமல் இன்னொருவரிடம் மாற்றிவிட வேண்டும். மீறினால் குழுவை விட்டுப் போக வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த விதிகள் குறித்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த வருடம் வியாழன் மதியம் அறிவியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து டின்னைத் திறந்தேன். மின்சாரம் இல்லை. கண்ணாடி ஜாடிகளில் ஊறிக்கொண்டிருந்த தவளைகளுக்குப் பக்கத்தில் சீட்டுகளைக் கொட்டி அடுக்கினேன். அம்மாவுக்கு முட்டி வலி போக வேண்டும். கணக்கில் பாஸாக வேண்டும். அண்ணனுக்குக் கம்பெனியில் பெர்மனன்ட் ஆக வேண்டும். பாதிக்கு மேல் போனபோது ஒரு சீட்டு வந்தது. எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ‘ழ’வின் வால் கோட்டுக்குக் கீழே நீண்டு போயிருந்தது. என் மகள் கெத்சியாளின் கையெழுத்து. அவளுக்கு எழுதப் பழக்கியவன் நான்தான்.

“என் அப்பா என்னோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. நான் பொய் சொல்லியிருந்தால் பேசியிருப்பார். அவர் பேச வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு இது பழகிவிட வேண்டும்.”

அதை இரண்டாக மடித்தேன். மறுபடி பிரித்தேன். பிறகு மடித்தேன்.

அக்டோபரில் எங்கள் சபையில் திடப்படுத்தல் ஆராதனை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆறு மாதம் வகுப்புக்குப் போய், பேராயர் முன்னால் முழங்காலிட்டு, தாங்கள் விசுவாசிப்பதாகத் தங்கள் வாயால் சொல்வார்கள். அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அன்றைக்குத்தான் முதன்முதலாக நற்கருணை அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். வயலட் வெள்ளை உடை தைத்து வாங்கி வைத்திருந்தாள். ஊரிலிருந்து என் தங்கை குடும்பம் ரயிலேறி வந்திருந்தது. முந்தின நாள் மாலை கெத்சியாள் தனியாகப் போதகரிடம் போய், “எனக்கு விசுவாசம் இருக்கான்னு தெரியல. இருக்குன்னு அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டாள். போதகர் போனில் என்னைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார். மறுநாள் பட்டியலில் இருபத்துமூன்று பேர். வந்து முழங்காலிட்டவர்கள் இருபத்திரண்டு.

நான் அவளைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. அன்று இரவு எதுவும் பேசத் தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. ஒரு வாரம் போன பிறகு, பேச வேண்டும் என்றால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்பதே பெரிய பிரச்சினையாகிவிட்டது. “அவளைச் சாப்பிடச் சொல்லு”, “அவ பஸ் பாஸ் புதுப்பிச்சாளான்னு கேளு” என்று வயலட் மூலமாகவே வீடு நடந்தது. நான் அவளைத் தண்டிக்கிறேன் என்று நினைத்ததே இல்லை. நான் எப்போதும் போல அமைதியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இத்தனைக்குப் பிறகும் முகாம் படிவத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். ஏழு வயதிலிருந்து ஒரு வருடம் தவறாமல் வருகிறாள். முகாம் தலைவர் பால்ராஜ் அண்ணன், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது சீட்டு என் கையில் இருந்தது. விதி எனக்குத் தெரியும். யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது, ஆகவே மாற்றிவிட வேண்டும். குழுவினர் வந்து உட்கார்ந்ததும் என் பங்கிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து ரோஸ்லின் அக்காவிடம் நீட்டினேன். அவர் ஒரு செவிலியர். காரணம் கேட்காமல் தன் பங்கிலிருந்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். யாரோ ஒரு பையனின் நாய்க்குக் கால் சரியாக வேண்டுமாம். நான் சரியானதைச் செய்துவிட்டேன் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நம்பினேன். மனதில் ஒரு ஆறுதல்கூட வந்தது.

வெளியே வந்து சமையல் கொட்டகைக்குப் போனேன். நாகப்பன் கரையான்சாவடிக்காரர். நான்கு நாளும் சமையல் அவர் பொறுப்பு. பெரிய அண்டாவில் சாம்பாரைத் துழாவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, மூஞ்சி ஏன் இப்டி கீது? அவிச்ச கத்திரிக்கா கணக்கா?”

“ஒண்ணுமில்ல. கரண்ட் இல்ல, புழுக்கம்.”

“அப்ப எனக்கு? நான் அடுப்பாண்ட நிக்கிறேன், நீங்க புழுக்கம்ன்றீங்கோ.” உப்புப் பார்க்கக் கொஞ்சம் சாம்பாரை என் உள்ளங்கையில் ஊற்றினார். “பதினோரு வருஷமா பாத்துகினு கீறேன். ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு மட்டும்தான் வாயத் தொறக்கிறீங்கோ. உப்பு கீதா?”

“சரியா இருக்கு.”

“பாத்தீங்களா, ரெண்டாவது வார்த்த வந்துருச்சி.” உதவிக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அன்று மாலை விளையாட்டு நேரத்தில் கெத்சியாள் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விசில் ஊதிக்கொண்டிருந்த பால்ராஜ் அண்ணனைப் பார்ப்பது போல இருந்துவிட்டேன். அவள் பக்கத்தில் எப்போதும் சிம்ரன் இருந்தாள். அந்தப் பெண் ஏரிக்கரைத் தெருவில் இருக்கும் அய்யாசாமியின் மகள். அய்யாசாமி ஒரு காலத்தில் இங்கே வயல் வேலை செய்தவர், இப்போது ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, “எந்த சாமியா இருந்தா இன்னா சார், நாலு நாளு போனத் தொடாம இருந்தா போதும்” என்று சொன்னவர். சிம்ரன் இருந்த இடத்தில் பேச்சு நிற்காது.

வெள்ளிக்கிழமை மதியம் உபவாச ஜெபம். அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேரும் தங்கள் பங்கில் மிகவும் பாரமான ஒரு சீட்டை எடுத்து வந்து சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லோரும் முழங்காலிட்டுச் சேர்ந்து ஜெபிப்போம். முதலில் நான் வாசித்தேன். மூன்றாவதாக ரோஸ்லின் அக்கா. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பிரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சீட்டின் மேல் வைத்தார். பிறகு அவர் முழங்காலிட்டார். நாங்களும் முழங்காலிட்டோம். ரோஸ்லின் அக்காவின் ஜெபம் அடுத்த கட்டடம் வரை கேட்கும். ஆண்டவருக்கு எல்லா விவரமும் எடுத்துச் சொல்லித்தான் ஜெபிப்பார்.

“அன்பின் பரலோகப் பிதாவே, எழுதின பிள்ளை யாரென்று எங்களுக்குத் தெரியாது, நீர் அறிவீர். ஏழு மாதமாம் ஆண்டவரே! பெற்ற பிள்ளையிடம் ஏழு மாதம் ஒரு வார்த்தை பேசாத தகப்பனை நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்? அவனுடைய நாவின் கட்டுகளை அவிழ்த்துப்போடும். இந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னது என்று எழுதியிருக்கிறது. உண்மை சொன்னதற்கா ஆண்டவரே இந்தத் தண்டனை? அந்த மனுஷனுக்கும் உள்ளுக்குள் ஏதாவது கஷ்டம் இருக்கும். அதையும் நீர் அறிவீர். ஆனாலும் அது அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு ஆகாது ஆண்டவரே. பழகிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, அதை மட்டும் கேட்டருளாதேயும். பழகவிடாதேயும்!”

எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது காற்றுதான்.

எழுந்து உட்கார்ந்ததும் பால்ராஜ் அண்ணன் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, “எவனா இருந்தாலும் சரி, அந்தாளக் கொண்டாந்து ஒரு நாள் கிரவுண்டு முழுக்க ஓடவிடணும்” என்றார்.

“ஓடினாலும் பேச மாட்டான் அண்ணே” என்றார் ரோஸ்லின் அக்கா. “ஏழு மாசம்! எங்க வீட்டுக் குக்கரு அஞ்சு விசிலுக்கு மேல தாங்காது. இவன் உள்ள என்னத்த வச்சு அடைச்சிருக்கான்னு தெரியல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, நீ ஆமென் சொன்னது கேக்கவே இல்லையே. உனக்கும் ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. நல்லாச் சொல்லு.”

“ஆமென்” என்றேன்.

மற்ற மூன்று சீட்டுகளையும் வாசித்தார்கள். என் காதில் விழவில்லை. உள்ளே என்னத்தை வைத்து அடைத்திருக்கிறான் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதை நான் இத்தனை மாதமும் பார்க்காமல் சுற்றிப் போயிருந்தேன்.

எனக்குத் திடப்படுத்தல் நடந்தபோது வயது பதினான்கு. எங்கள் ஊர்க் கோயிலில், சாத்தான்குளம் பக்கம். விசுவாசிக்கிறாயா என்று கேட்டார்கள். விசுவாசிக்கிறேன் என்றேன். அன்றைக்கு என்னிடம் விசுவாசம் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. அப்பாவுக்குப் பயம், அவ்வளவுதான். பிறகு வாழ்க்கையில் அது எப்படியோ மெதுவாக வந்தது. வந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு நான் சொன்னது பொய். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் சபையை அவமானப்படுத்தினாள் என்பதற்காக நான் மௌனமாக இருக்கவில்லை. நான் செய்யத் துணியாததை அவள் சாதாரணமாகச் செய்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அது ஞாபகம் வந்தது.

இது தெரிந்தும் அன்று மாலை வரை நான் அவளிடம் போகவில்லை. இப்போது விதி ஒரு வசதியான சுவராக இருந்தது. போய்ப் பேசினால் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எந்தப் பிள்ளை நம்பி எழுதும்? இப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பதற்கு நான் சளைத்தவன் இல்லை.

இரவுச் சாப்பாடு முடிந்து குழாயடியில் பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது சிம்ரன் ஈரத் தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“அங்கிள், ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“கெத்சிக்கு நீங்கதானே நைனா?”

“ஆமா.”

“பின்ன ஏன் அவகிட்ட ஒண்ணியும் பேச மாட்றீங்கோ? எங்க நைனா வாயத் தொறந்தா திட்டுதான். பஸ்ஸு லேட்டானாக் கூட என்னியத்தான் திட்டும். ஆனா திட்டும் இல்ல?” தட்டை உதறினாள். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. “சீட்டு நான்தான் எழுதச் சொன்னேன். அவ மாட்டேன்னா. அந்த டப்பாவ எங்கப்பாதான் பிரிப்பாருடின்னா. ஏய் லூசு, அதுக்குத்தாண்டி எழுதச் சொல்றேன்னேன். உங்களுக்கு வந்துச்சா, இல்லியா?”

“சீட்டப் பத்திப் பேசக் கூடாதும்மா. அது விதி.”

“அப்ப வந்துகீது.”

நான் சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்தேன்.

“ரெண்டு நாளா ஒவ்வொரு பெல்லுக்கும் உங்களத்தான் பாத்துகினு இருந்தா அங்கிள். இப்ப சாப்ட சொல்லோ, ‘உடு சிம்ரன், பழகிக்கலாம்’ன்ட்டா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்கோ.” போய்விட்டாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். அவள் யாருக்கோ எழுதிய ஜெபத்தை நான் தற்செயலாகப் படித்துவிட்டேன் என்றுதான் இரண்டு நாளாக நினைத்திருந்தேன். அது எனக்கு வந்த கடிதம். என் மகளுக்கு என்னிடம் வந்து சேர வேறு வழி இல்லாமல் தொண்ணூறு சீட்டுகளுக்குள் ஒன்றாக வந்திருக்கிறாள். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒழுங்காக மடித்து, இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. அமைதி நேரத்துக்கு மணி அடித்தேன். பிள்ளைகள் கலைந்துபோய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. நாரைகள் சேற்றில் நின்றன. கெத்சியாள் நூலகத்தின் பின்படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் எந்தப் புத்தகமும் இல்லை. நான் போய் அதே படியில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். அவள் திரும்பவில்லை.

“நான் சீட்டப் படிச்சேன்” என்றேன்.

“தெரியும்.” அவளும் ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “வியாழக்கிழமையே படிச்சிருப்பீங்க.”

“ஆமா.”

“இன்னைக்குச் சனி.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் இன்னும் ஏழு மாதம் ஆகும் என்று தெரிந்தது.

“அதை ரோஸ்லின் அக்காகிட்ட மாத்திக் குடுத்துட்டேன். விதி அப்படி. தெரிஞ்ச ஆளோடதா இருந்தா வச்சுக்கக் கூடாது.”

அவள் இப்போதுதான் திரும்பினாள். “என் சீட்டையா? ஆன்ட்டிகிட்டயா?”

“பேரு சொல்லல.”

“அவங்க ஜெபம் பண்ணினாங்களா?”

“பண்ணினாங்க. ரொம்ப நேரம். கல் நெஞ்சுக்காரன்னு சொல்லாதது ஒண்ணுதான் பாக்கி. நானும் முழங்கால் போட்டு ஆமென் சொன்னேன்.”

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பொடிப்பெண் எங்களைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, “ஷ்ஷ்… அங்கிள், பேசக் கூடாது” என்றாள். அவள் சொன்னது சரிதான். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“கெத்சி, நீ பொய் சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேன்னு எழுதியிருந்த. அது உண்மைதான். ஏன்னா நான் சொல்லியிருக்கேன். உன் வயசுல. பேராயர் முன்னாடி முழங்கால் போட்டுக்கிட்டு விசுவாசிக்கிறேன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணும் கிடையாது அப்போ.”

அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே. எங்கம்மா என் தலையில நிறைய எண்ணெய் வச்சுவிட்டிருந்தா. பேராயர் கைய வச்சா கை பூரா எண்ணெயாயிடுமே, அங்கியில துடைச்சுக்குவாரோன்னு அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“துடைச்சாரா?”

“பக்கத்துல இருந்த பையன் தலையில துடைச்சிட்டாரு. அடுத்தது அவன்தான்.”

இந்த முறை அவளால் பொத்த முடியவில்லை. நான்கைந்து மரத்தடிகளிலிருந்து தலைகள் திரும்பின. தூரத்தில் பால்ராஜ் அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழவில்லை. அரை மணி முடிகிற வரை அங்கேயே இருந்தேன். எல்லா நேரமும் பேசவில்லை. நடுவில் பேச்சு இல்லாமலும் இருந்தோம்.

பத்து மணிக்கு நிறைவுக் கூட்டம். பிள்ளைகள் விருப்பப்பட்டால் மைக்கில் வந்து ஏதாவது சொல்லலாம். கெத்சியாள் எழவில்லை. சிம்ரன் எழுந்து போனாள். மைக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

“எம் பேரு சிம்ரன். இங்கதான், ஏரிக்கரைத் தெரு. எங்க ஊட்ல ஒரே ரூம்பு, ஆறு பேரு. நான் தனியா ஒக்காந்ததே கெடயாது. இங்க காலைல தனியா ஒக்காருன்னாங்கோ. மொத நாளு தூங்கிட்டேன். அடுத்த நாளு அழுவ வந்துச்சி, இன்னாத்துக்குன்னு தெரில. இன்னிக்கு நல்லா இருந்துச்சி. எங்க சாமியயும் கும்ட்டேன், இங்க சொன்னதையும் யோசிச்சேன். அவ்ளோதான். சாம்பாரு சூப்பரு.”

வெளியே கேட்டருகே சீருடையோடு நின்றிருந்த அய்யாசாமி எல்லோரையும் விடச் சத்தமாகக் கை தட்டினார்.

நான் பால்ராஜ் அண்ணனைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். யாருடைய சீட்டு, அதை என்ன செய்தேன், காலையில் என்ன செய்தேன் என்று எல்லாவற்றையும். அவர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“நீ எழுதின விதிதான்” என்றார் கடைசியில்.

“ஆமாண்ணே. அதனாலதான் சொல்றேன். குழுவிலிருந்து நின்னுக்கிறேன்.”

“நின்னுக்கோ. அடுத்த வருஷம் டின்ன வேற ஆள் தொறக்கட்டும்.” கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்தார். “கிரவுண்டு முழுக்க ஓடவிடணும்னு சொன்னேனே, அதை நான் வாபஸ் வாங்கல.”

மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். பையை முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுக் கெத்சியாள் பின்னால் உட்கார்ந்தாள். வெயில் ஏறியிருந்தது. திருவேற்காட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. வழக்கமாக நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இப்போது ஒரு மூடிய கடையின் நிழலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன்.

“என்ன சொன்ன?”

“இந்த அக்டோபர்லயும் என்னால சொல்ல முடியாம இருக்கலாம்ப்பா. இப்ப வரைக்கும் எனக்கு அதே மாதிரிதான் இருக்கு. முகாம் எனக்குப் பிடிக்கும், வருவேன். ஆனா அது வேற.” ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “அப்பவும் பேசுவீங்களா?”

அவள் கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி இல்லை. வெள்ளை உடை இன்னும் அலமாரியில் இருக்கிறது. என் மகள் அந்த வரிசையில் முழங்காலிட வேண்டும் என்று இப்போதும் நான் விரும்புகிறேன், அதற்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அதை அவளிடம் மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

“நீ சொல்லணும்னுதான் எனக்கு ஆசை” என்றேன். “சொல்லாட்டியும் பேசுவேன்.”

“வருத்தப்பட்டா?”

“வருத்தப்பட்டா, வருத்தமா இருக்குன்னு சொல்றேன்.”

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“சரி, எடுங்க. அம்மா சாப்பிடாம இருப்பாங்க.”